ஆட்ட நாளைச் சுற்றிக் கட்ட வேண்டிய தளம்

சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் முகப்பில் இருப்பது ஒரு செட்டிநாட்டுக்காரரின் பெயர். எம்.ஏ.சிதம்பரம், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன். இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தவர். 1916இல் உருவான அந்த மைதானம் பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்க்க ஆண்டு முழுவதும் பயணிகள் வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களில் கிரிக்கெட் ரசிகர்களும் இருப்பார்கள். தாங்கள் கத்திக் கூச்சலிட்ட மைதானத்தின் பெயர் இந்த வீட்டுக்குச் சொந்தம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வலைத்தளம் கட்டலாம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில் இருக்கும் அமராவதிபுதூரிலிருந்தே கட்டலாம். தமிழறிஞர் ராய.சொக்கலிங்கம் பிறந்த ஊர் அது. கல்லூரிகளும் கணினி கற்ற பிள்ளைகளும் உள்ள ஊர். வலைத்தளம் கட்டும் தொழிலுக்கு இன்று பெருநகர முகவரி தேவையில்லை. ஆனால் விளையாட்டு ரசிகருக்கான பயணத் தளத்துக்கு உள்ளூர் அறிவு தேவை, அதுவும் ஏராளமாக. எந்தப் பொட்டலில் எந்த நாளில் மாடு அவிழ்க்கிறார்கள், எந்த பஸ் எந்த ஊரைத் தொடாமல் போகும் என்பதெல்லாம் இங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

முதல் முடிவு, தளத்தின் அச்சு எது என்பது. பெரும்பாலான பயணத் தளங்கள் இடத்தை அச்சாக வைக்கின்றன: ஒரு கோயில், அதன் வரலாறு, திறக்கும் நேரம், அருகில் உள்ள விடுதிகள். கோயிலுக்கு அது பொருந்தும். கோயில் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். மைதானம் தேடிப் போகிறவரின் கவலையே வேறு. ஆட்டம் எத்தனை மணிக்கு, எந்த வாசல், எப்போது முடியும், முடிந்தபின் ஊர் திரும்ப வண்டி உண்டா என்பவைதான் அவருடைய கேள்விகள். ஆகவே தளத்தின் அச்சு மைதானமாக இருக்கக் கூடாது, ஆட்ட நாளாக இருக்க வேண்டும். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்துவிட்டால் பக்க அமைப்பு, தரவுத்தளம், வடிவமைப்பு எல்லாமே அதன்பின் ஒழுங்காக வந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து சேப்பாக்கத்தில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றுக்குப் போகும் ரசிகரையே எடுத்துக்கொள்ளலாம். அதிகாலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் நடுப்பகலில் எழும்பூரில் இறக்கிவிடும். ஆட்டம் இரவு ஏழரைக்கு. போவதில் சிக்கலில்லை, திரும்புவதில்தான் இருக்கிறது. அதே பல்லவன் அன்று பிற்பகலே காரைக்குடிக்குக் கிளம்பிவிடும். ராமேஸ்வரம் போகும் ரயில்களும் ஆட்டம் முடியும்வரை நிற்பதில்லை. ஆட்டம் முடிய இரவு பதினொன்றரை ஆகும். எனவே ஒரு ராத்திரி சென்னையில் தங்க வேண்டும், அல்லது நள்ளிரவில் ஆம்னி பஸ் தேட வேண்டும். பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் என்றால் இரவுப் பேருந்துகளைப் பிடிக்கலாம். ரசிகர் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கு அவர் கண்ணில் பட வேண்டும். 'இந்த ஆட்டத்துக்குப் போனால் அன்றே திரும்ப முடியுமா?' என்ற ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் பக்கத்தின் தலையிலேயே இருக்க வேண்டும். மைதானத்தின் பெருமைகள் அதற்குக் கீழே வரட்டும்.

பெருமைகளுக்கும் இடம் உண்டு. அவையும் பயன்பட வேண்டும். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை'யில் முடிந்ததும் அங்கேதான். அந்த ஆட்டத்தில் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்துவிட்டு, வெயிலில் உடலின் நீரெல்லாம் வற்றி, மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போனார். இந்தக் கதையைச் சொல்லும் பத்தியிலேயே, பகல் ஆட்டத்தில் எந்தப் பக்க இருக்கையில் வெயில் முகத்தில் அடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்குப் பக்க இருக்கைகளில் அமர்பவர் மாலை வெயிலை நேராக வாங்குவார். ஜோன்ஸுக்கு நேர்ந்ததைப் படித்த ரசிகர் தண்ணீரையும் தொப்பியையும் மறக்க மாட்டார்.

வாசல் விவரம் அதைவிட முக்கியம். சேப்பாக்கத்தில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தனி வாசல்; சுற்றியுள்ள வெவ்வேறு சாலைகளிலிருந்து நுழைய வேண்டும். தவறான பக்கம் வந்து நின்றால் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அரைச் சுற்று நடக்க வேண்டியிருக்கும். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையம், மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையம் என்று இரண்டு வழிகள் உண்டு. டிக்கெட்டில் உள்ள ஸ்டாண்ட் எழுத்தைத் தட்டினால் எந்த நிலையத்தில் இறங்கி எந்தச் சாலை வழியாக வர வேண்டும் என்று காட்டும் சிறு பகுதி ஒன்றைச் செய்தால், தளத்தின் மீதி எல்லாவற்றையும்விட அதற்கே நன்றி வரும். ஐ.பி.எல். டிக்கெட் வைத்திருப்பவர்கள் மெட்ரோவில் கட்டணமின்றிப் போகும் ஏற்பாடு சில பருவங்களில் இருந்தது. இப்படிப்பட்ட சலுகை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே ஒவ்வொரு தகவலின் அடியிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி தெரிய வேண்டும். தேதியில்லாத பயணத் தகவலை நம்பி ஒருவர் குடும்பத்தோடு கிளம்பக் கூடாது.

இந்தத் துறையில் முன்னோடிகள் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்கள். அங்கே தொழில்முறை லீகில் உள்ள 92 அணிகளின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்றே '92 கிளப்' என்று ஒரு சங்கம் 1978 முதல் இருக்கிறது. டங்கன் ஆடம்ஸ் என்ற ரசிகர் ஒவ்வொரு மைதானத்துக்கும் போய், வெளியூர் ரசிகர் எந்தப் பக்கம் உட்கார வைக்கப்படுவார், வண்டி எங்கே நிறுத்தலாம், ரயில் நிலையத்திலிருந்து எப்படி நடக்க வேண்டும், சாப்பிட எங்கே போகலாம் என்று எழுதிச் சேர்த்த வழிகாட்டி பெரும் பெயர் பெற்றது. அதன் பலம் வடிவமைப்பில் இல்லை. நேரில் போய்ப் பார்த்த ஒருவர், நேரில் போகப்போகும் இன்னொருவருக்கு எழுதியது என்பதில்தான் இருக்கிறது.

ஆனால் அமராவதிபுதூரிலிருந்து கட்டும் தளம் சேப்பாக்கத்தோடு நின்றுவிட்டால் அதற்குத் தனி நியாயம் இல்லை. சேப்பாக்கத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. சிவகங்கைச் சீமையின் ஆடுகளங்களைப் பற்றித்தான் வெளியூர்க்காரருக்கு நம்பகமான ஒரு பக்கம் கூடக் கிடைப்பதில்லை.

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள சிறாவயலில் ஆண்டுதோறும் தை 3ஆம் நாள், காணும் பொங்கலன்று, மஞ்சுவிரட்டு நடக்கிறது. கண்டுப்பட்டியில் புனித அந்தோனியார் ஆலயத்தை ஒட்டித் தை 5இல் நடக்கிறது. சிங்கம்புணரி அருகே அரளிப்பாறையில் மாசி மகத்தன்று. அங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டம் பாறையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். கல்லும் இரும்பும் கொண்டு யாரும் கட்டித் தராத கேலரி அது. இந்த மூன்று களங்களையும் ஒரு தரவுத்தளத்தில் ஏற்ற முயன்றால் முதல் சிக்கல் தேதியில் வரும். தை முதல் நாள் 2024இல் ஜனவரி 15, 2025இல் ஜனவரி 14, 2026இல் மறுபடியும் 15. மாசி மகமோ நட்சத்திரத்தை வைத்து நகர்வது. 'ஜனவரி 16, சிறாவயல்' என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடலாம். எனவே நிகழ்வுக்கு இரண்டு கட்டங்கள் வைக்க வேண்டும். ஒன்றில் மாறாத வழக்கம்: 'தை 3' என்பது போல. மற்றொன்றில் அந்த ஆண்டுக்கு உறுதியான ஆங்கிலத் தேதி. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் பக்கத்தில் 'வழக்கமான நாள் இது. இவ்வாண்டுத் தேதி இன்னும் உறுதியாகவில்லை' என்ற வரி தானாகத் தோன்ற வேண்டும்.

தேதியோடு அனுமதியும் உண்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபின் மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இன்று அரசின் அனுமதி பெற்ற இடங்களில், மாவட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் மட்டுமே நடத்த முடியும். அனுமதி கடைசி நேரத்தில் வருவதும் உண்டு, தேதி தள்ளிப்போவதும் உண்டு. தளத்தில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நிலைக்குறி ஒன்று வேண்டும்: எதிர்பார்ப்பு, அனுமதி கிடைத்தது, ஒத்திவைப்பு, ரத்து. தேடுபொறிகள் புரிந்துகொள்ளும் ஸ்கீமா குறிமுறையிலும் இதற்கு இடம் இருக்கிறது; விளையாட்டு நிகழ்வு, அதன் இடம், தொடங்கும் நேரம், ஒத்திவைக்கப்பட்டதா என்பதையெல்லாம் பக்கத்தின் உள்ளே குறிக்கலாம். அப்படிக் குறித்தால் கூகுளில் தேடுபவருக்கும் பழைய தேதி போய்ச் சேரும் வாய்ப்பு குறையும்.

ஒரே நாளில் மோதும் நிகழ்ச்சிகளையும் தளம் எடுத்துச் சொல்ல வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் சிறாவயல் மஞ்சுவிரட்டும் ஒரே தை 3. வெளிநாட்டிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வரும் குடும்பம் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். இரண்டும் ஒன்றல்ல. அலங்காநல்லூரில் வாடிவாசல் வழியாக மாடு ஒவ்வொன்றாக வரும். தடுப்புக்கு அந்தப்பக்கம் கேலரி இருக்கும். மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து திறந்த பொட்டலுக்கு மாடுகள் பாயும். அதோடு, தொழுவுக்கு வராமல் சுற்றுவெளியிலேயே அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகளும் உண்டு. இவற்றைத் தவிர வடமாடும் மாட்டுவண்டிப் பந்தயமும் உண்டு. வடமாட்டில் காளையை நீண்ட வடத்தில் கட்டி, அதை அடக்கக் குழுவாக இறங்குகிறார்கள். மாட்டுவண்டிப் பந்தயத்துக்கோ சாலையே களம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் பறக்கும், அந்த நேரத்தில் போக்குவரத்து நிற்கும். எங்கே நின்றால் என்ன தெரியும், எங்கே நிற்கக் கூடாது என்பது நான்குக்கும் வேறு வேறு.

இங்கே தளம் கட்டுபவர் தன் பொறுப்பை உணர வேண்டும். மஞ்சுவிரட்டுப் பொட்டல்களில் மாடு குத்திச் செத்தவர்களில் மாடுபிடி வீரர்கள் மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருக்கிறார்கள். கட்டுமாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று உள்ளூர்க்காரர் ஓரளவு கணிப்பார். முதல்முறை வருபவருக்கு அது முடியாது. ஆகவே தளத்தில் போடும் வரைபடத்தில் பாதுகாப்பான பார்வையிடம், மருத்துவக் குழு நிற்கும் இடம், வண்டி நிறுத்துமிடம், வெளியேறும் வழி நான்கும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். 108 எண் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்த திகில் படத்தை முகப்பில் போட்டால் பார்ப்பவர் எண்ணிக்கை கூடலாம். அதைப் பார்த்து ஒருவர் பொட்டலுக்குள் இறங்கினால் அந்தப் பழி தளத்துக்கும் உண்டு. முகப்புப் படம் கேலரியிலிருந்து எடுத்ததாக இருப்பதே முறை.

அரங்கமாகக் கட்டப்பட்ட களமும் இப்போது இருக்கிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை 2024 ஜனவரி 24 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 66 ஏக்கரில் அமைந்த அதன் கேலரிகளில் ஏறத்தாழ 5,000 பேர் உட்காரலாம். வெளியூர்க் குடும்பத்துக்கும் முதியவருக்கும் இதையே பரிந்துரைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: கீழக்கரை என்று வரைபடத்தில் தேடினால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் முதலில் வந்து நிற்கக்கூடும். அமராவதி என்று தேடினால் ஆந்திராவுக்கோ உடுமலைப்பேட்டை பக்கத்து அணைக்கோ போகும். தேவகோட்டை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் தேவகோட்டை ஊர் இன்னும் தள்ளி இருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல், ஒவ்வொரு களத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை நேரில் நின்று குறித்து வரைபடத்தில் பதிக்க வேண்டும்.

வரைபடத்துக்குக் கூகுளையே நம்ப வேண்டியதில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் யாரும் திருத்தக்கூடிய வரைபடம். லீஃப்லெட் என்ற இலவச நிரலைக் கொண்டு அதைத் தளத்தில் பதிக்கலாம். பங்களிப்பாளர்களின் பெயரை ஓரத்தில் குறிப்பிட்டால் போதும். பொட்டல், தொழு, கண்மாய்க்கரைப் பாதை ஆகியவை அதில் இல்லையென்றால் நாமே சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தது நம் தளத்துக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பயன்படும்.

அடுத்தது எடை. ஆட்ட நாளில் சில ஆயிரம் பேரோ சில பத்தாயிரம் பேரோ ஒரே இடத்தில் கைபேசியை எடுக்கிறார்கள், சிக்னல் திணறும். அந்த நேரத்தில் திறக்காத தளம் இருந்தும் பயனில்லை. ஓடும் படங்கள், முழுத்திரைக் காணொளி, தானாக விரியும் விளம்பரம் எதுவும் வேண்டாம். படங்களை வெப்பி வடிவில் சுருக்கிப் போட வேண்டும். ஆட்ட நாள் பக்கம் பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கட்டும். சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதியைப் பயன்படுத்தினால், வீட்டில் ஒருமுறை திறந்த பக்கம் பொட்டலில் இணையம் இல்லாதபோதும் திறக்கும். இதற்கு வேர்ட்பிரஸும் போதும். மாறாத பக்கங்களாக முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் நிலைத்தளம் இன்னும் நல்லது. கூட்டம் ஒரே நாளில் வந்து மோதினாலும் அது தாங்கும்.

எழுத்து விஷயத்தில் தமிழ்த் தளங்கள் நிறையத் தவறுகின்றன. ஆங்கிலத்துக்கு வரைந்த வார்ப்புருவில் தமிழை ஊற்றினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும், பொத்தானுக்குள் சொல் அடங்காது. வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான எழுத்துரு வேண்டும். நடுப்பகல் வெயிலில் படிக்கக் கருப்பு எழுத்தும் வெளிர் பின்புலமும் வேண்டும். அழைப்பிதழை, நேர அட்டவணையைப் படமாகப் போடவே கூடாது. படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறி படிக்கும் என்று நம்ப முடியாது, பார்வையற்றவரின் திரைபடிப்பானும் தடுமாறும். பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. தமிழ் முகவரியை வாட்ஸப்பில் பகிர்ந்தால் அது பெரும்பாலும் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகிவிடுகிறது. சிறாவயல், சிராவயல் என்ற இரண்டு எழுத்து வழக்கும், ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் தேடும் வடிவமும் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும்.

தளத்துக்குப் பயணத் திட்டங்கள் வேண்டும். அதற்குக் காரைக்குடியிலிருந்து மேற்கே போகும் ஒரே சாலை போதும். அந்த வழியில் பிள்ளையார்பட்டி, சிறாவயல், திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிறகு நத்தம். நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கும் களம். 2016இல் தொடங்கிய அந்தப் போட்டியில் காரைக்குடி காளை என்று ஓர் அணியே இருந்தது. பின்னர் அது திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. சிறாவயலுக்கு வருபவர் 1927இல் காந்தி வந்து, பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவாவைச் சந்தித்த ஊர் அது என்பதையும் அறிந்துகொண்டு போகட்டும். தெற்கே மதுரையில் 2025 நவம்பர் இறுதியில் தொடங்கிய ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியின் ஆட்டங்கள் நடந்தன. சென்னையோடு பங்கிட்ட அந்தப் போட்டியில் 24 நாடுகள் ஆடின. தங்குவதற்குக் காரைக்குடியில் 'தி பங்களா', கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போன்ற பாரம்பரிய விடுதிகள் உண்டு. சிக்கனமாக வருபவருக்குச் சாதாரண லாட்ஜ், பஸ் நிலையம் அருகே மெஸ் என்ற விவரமும் அதே அளவு இடத்தில் வர வேண்டும். கேலரிக்கு வரும் ரசிகர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

வருமானத்துக்கு விடுதி முன்பதிவுக் கழிவு, உள்ளூர் வண்டி உரிமையாளர்களின் விளம்பரம் என்று வழிகள் உண்டு. டிக்கெட் விற்பதில் இறங்க வேண்டாம். அதிகாரபூர்வ விற்பனைப் பக்கத்துக்கு இணைப்புத் தருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அணிகளின் சின்னங்கள் அவர்களுடைய சொத்து, அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. படங்கள் சொந்தமாக எடுத்தவையாக இருக்க வேண்டும். வாசகரின் கைபேசி எண்ணைச் சேகரித்தால் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அவசியமில்லாமல் எதையும் கேட்காமல் இருப்பதே எளிது.

கடைசியாக, தகவல் எங்கிருந்து வரும்? மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பிலிருந்து பாதி வரும். மீதி ஊர் நாட்டார்களிடமிருந்தும், மாடு வளர்ப்பவர்களிடமிருந்தும், டீக்கடைப் பெஞ்சிலிருந்தும் வரும். அவர்களைப் போய்ப் பார்த்து, தளம் எதற்கு என்று எடுத்துச் சொல்லி, எழுதியதைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கோயில் மாடு முதலில் அவிழும், யாருக்கு முதல் மரியாதை என்பதைத் தப்பாக எழுதினால் ஊருக்குள் மனத்தாங்கல் வரும். ஐப்பசியிலேயே இந்த வேலையைத் தொடங்கினால்தான் தைக்குள் முடியும். முதலில் எழுத வேண்டிய பக்கம் சிறாவயல். அதில் முதலில் வரைய வேண்டியது, முதல்முறை வருபவர் எங்கே நின்று பார்க்கலாம் என்ற படம்.